மூன்று விரல், இரண்டு விரல், முஷ்டி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் காட்டில் ஒரு ஜனவரி நண்பகல். ஊசியிலை மரங்களுக்கு நடுவே, இரண்டு வண்டிகள் உரசாமல் விலகிப் போகும் அளவுக்கு மட்டுமே அகலமுள்ள வெண்பனித் தடம். எதிரெதிர்த் திசையில் வந்த இரு குழுக்கள் அங்கே சந்திக்கின்றன. ஒரு குழுவின் முதல் ஆள் இடக்கையை உயர்த்தி மூன்று விரல்களைக் காட்டிவிட்டுப் போகிறார். அடுத்தவர் இரண்டு விரல். அதற்கடுத்தவர் ஒரு விரல். கடைசி ஆள் விரல்களை மடக்கி முஷ்டியைக் காட்டுகிறார். யாரும் நிற்கவில்லை, பேசவில்லை. தலைக்கவசத்துக்குள் இருக்கும் முகம்கூடத் தெரியவில்லை. வணக்கம் சொல்வதுதான் நோக்கம் என்றால் சும்மா கையசைத்தால் போதும். எதற்கு இந்த எண்ணிக்கை? 'எனக்குப் பின்னால் என் குழுவில் இன்னும் மூன்று வண்டிகள் வருகின்றன' என்பது முதல் ஆள் சொன்ன செய்தி. 'என்னோடு முடிந்தது' என்பது முஷ்டியின் பொருள். இதைப் பண்பாட்டு வழக்கம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். வெண்பனியின் மேல் உராய்வும் ஒளியும் ஒலியும் மனிதரைக் கைவிடும் இடங்கள் உண்டு. அங்கெல்லாம் ஒருவருக்குக் குறைந்துபோன மீட்டர்களையும் விநாடிகளையும் இன்னொருவர் தன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். பனித்தட மரியாதை என்பது அந்தக் கொடைதான்.

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்வோம். பனி என்ற தமிழ்ச்சொல் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் துளியையும் குறிக்கும், மூடுபனியையும் குறிக்கும். இங்கே பேசுவது வானிலிருந்து பஞ்சாக உதிர்ந்து நிலத்தில் படியும் வெண்பனியை. அதன் மேல் ஓடும் ஸ்னோமொபைலைப் பனியூர்தி என்போம். சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் சுழலும் அகலமான ரப்பர் பட்டை. கட்டைகள் வண்டியைத் திருப்பும், பட்டை தள்ளும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கார்ல் எலியாசன் 1924-இல் இதன் ஆரம்ப வடிவம் ஒன்றைச் செய்தார். கனடாவின் கியூபெக் மாகாணத்து வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே 1937-இல் பட்டையை இயக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய பெரிய பனிவண்டிகள் மருத்துவரையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்றன. 1959-இல் அவருடைய நிறுவனம் ஸ்கி-டூ என்ற சிறிய, மலிவான வண்டியை விற்கத் தொடங்கியபின் பனியூர்தி சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்தது. இன்று ஒன்டாரியோவில் மட்டும் உள்ளூர்ச் சங்கங்களின் தன்னார்வலர்கள் பராமரிக்கும் தடங்கள் 30,000 கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இருவழித் தடங்கள். நடுவே கோடு இல்லை, தடுப்புச்சுவர் இல்லை, தெருவிளக்கும் இல்லை.

இந்த வண்டி எப்படி நிற்கிறது? பிரேக் லீவரைப் பிடித்தால் பட்டையின் சுழற்சி தடைபடுகிறது. முன்னாலுள்ள கட்டைகளுக்குப் பிரேக்கே இல்லை. பட்டையில் வரிசையாக இருக்கும் ரப்பர்ப் பற்கள் பனிக்குள் புதைந்து, அதைப் பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்தப் பார்க்கின்றன. கடற்கரை மணலில் ஓடிவந்து குதிகாலை ஊன்றி நிற்பதை எண்ணிப் பாருங்கள். கால் எவ்வளவு வலுவாக இருந்தாலும் மணல் சரிந்து கொடுத்தால் உடல் முன்னால் போய்த்தான் நிற்கும். அங்கே எல்லையை வகுப்பது காலின் வலு அல்ல, மணலின் வலு. பனியிலும் அப்படித்தான். பற்கள் பிடித்த பனி அடியோடு பெயர்ந்துவிட்டால், எத்தனை உயர்ந்த பிரேக்காக இருந்தாலும் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. கட்டைகளோ உதவுவதற்குப் பதிலாக வழுக்கிக்கொண்டு போகின்றன. பனியில் பொருள்கள் ஏன் இத்தனை எளிதாக வழுக்குகின்றன என்ற கேள்விக்கு, மேலிருந்து அழுத்தும் எடையால் பனி உருகுவதே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பௌடன், ஹியூஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக்கிலுள்ள ஆய்வுநிலையத்தில் சோதனை செய்து, 1939-இல் வேறு விடையைச் சொன்னார்கள். தேய்ப்பதால் பிறக்கும் வெப்பமே மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது என்றார்கள். பின்வந்த ஆய்வுகள் இதை இன்னும் நுட்பமாக்கியிருக்கின்றன. நமக்கு வேண்டிய செய்தி மாறவில்லை: பனியின் மேல் ஓடும் கட்டை, தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே சுரந்துகொள்கிறது.

இதைத் தொலைவாக மாற்றிப் பார்க்கலாம். ஓர் ஆபத்தைக் கண் கண்டு, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். தெளிந்த தலைக்குத்தான் இந்தக் கணக்கு, மது அருந்தியவருக்கு இது நீளும். நன்கு இறுகிய பனித்தடத்தில் ஒவ்வொரு விநாடியும் வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் கார் பிடிக்கும் பிரேக்கில் இது பாதிக்கும் குறைவு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் பிரேக்கைத் தொடுவதற்குள் 17 மீட்டர் கடந்துவிடுவார். பிறகு நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக 37 மீட்டர். வேகம் இரட்டித்து 80 ஆனால் பிரேக்கைத் தொடுவதற்குள் 33 மீட்டர், பிறகு 81 மீட்டர், மொத்தம் 114. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக்குக்கு வேண்டிய தொலைவு நான்கு மடங்காகும். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தோடு அப்படித்தான் பெருகுகிறது. இந்த மொத்தத் தொலைவை நிறுத்தத் தொலைவு என்பார்கள். தடம் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தால் இது இன்னும் பல மடங்கு நீளும்.

சாலைப் பாதுகாப்பில் எல்லாருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் நிற்க முடிகிற வேகத்தில் போ. ஒருவழிப் பாதைக்கு அது போதும். குறுகிய இருவழித் தடத்துக்குப் போதாது. வளைவில் 60 மீட்டர் வரைதான் தெரிகிறது என்று கொள்வோம். மேலே சொன்ன கணக்குப்படி மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் சரியாக அந்த 60 மீட்டருக்குள் நின்றுவிடுவார். விழுந்து கிடக்கும் மரம் நம்மை நோக்கி ஓடிவராது. எதிரே வரும் வண்டி வரும். அவரும் இதே வேகத்தில், இதே கவனத்தோடு வருகிறார், இருவரும் தடத்தின் நடுவில் இருக்கிறார்கள் என்றால், இருவருக்கும் சேர்த்து 120 மீட்டர் வேண்டும். இருப்பதோ 60. இருவரும் தனித்தனியே விதியைக் காப்பாற்றியும் மோதிக்கொள்வார்கள். ஆகவே இருவழித் தடத்தில் காணும் தொலைவில் பாதிதான் நம்முடையது. மறுபாதி இன்னும் கண்ணில் படாத ஒருவருக்குச் சொந்தம். அந்தப் பாதிக்குள், அதாவது 30 மீட்டருக்குள் நிற்க வேண்டுமானால் வேகம் 35-ஐத் தாண்டக்கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பவர் எதிரில் வருபவரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவருக்குரிய பாதியை ஒதுக்கி வைத்துவிடுகிறார்.

தடத்தின் வலப்புறமாகவே ஒதுங்கி ஓட்டுவது அடுத்த விதி. எல்லாரும் அதைக் காப்பாற்றினால் மோதல் என்ற கேள்வியே எழாதே என்று ஒருவர் கேட்கலாம். நேரான தடத்தில் அது உண்மை. வளைவில் வலப்புறமாக ஓட்டத் தொடங்குவது நம் கையில் இருக்கிறது, வலப்புறத்திலேயே நீடிப்பது பனியின் கையில் இருக்கிறது. பனி தரும் பிடிப்பை ஒரு மாதச் சம்பளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிப்பதும் வண்டியைத் திருப்புவதும் அதே சம்பளத்திலிருந்து செய்ய வேண்டிய செலவுகள். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு நடுவில் பிரேக்கை இறுக்குகிறவர் முழுச் சம்பளத்தையும் நிறுத்துவதற்கே செலவழித்துவிடுகிறார். திருப்புவதற்கு மிச்சம் இருக்காது. வண்டி வளைவை விட்டு வெளிப்புறமாகச் சறுக்கும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிப்புறம் என்பது எதிரே வருபவரின் பக்கம். அதனால்தான் நேரான இடத்திலேயே பிரேக்கை முடித்துவிட்டு, வளைவுக்குள் பிடிப்பு முழுவதையும் திருப்புவதற்கென்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 'வலப்புறம் போ' என்ற விதி 'முன்பே வேகத்தைக் குறை' என்ற விதியின் தோளில் ஏறி நிற்கிறது.

இதுவரை பார்வை தெளிவாக இருந்தது என்று வைத்தே பேசினோம். பனித்தடத்தில் அதற்கும் உறுதி கிடையாது. மண்சாலையில் லாரிக்குப் பின்னால் சைக்கிளில் போனவர்களுக்குப் புழுதி எப்படிக் கண்ணை மறைக்கும் என்று தெரியும். பனியூர்தியின் பட்டை வீசியெறியும் பனித்தூள் அதைவிடப் பொல்லாதது. மண்புழுதி ஒளியில் ஒரு பங்கை விழுங்கும். பனித்துகள் கிட்டத்தட்ட எதையும் விழுங்காமல் எல்லாத் திசைகளிலும் திருப்பி எறியும். இதை ஒளிச்சிதறல் என்கிறோம். பின்னால் வருபவரின் விளக்கொளி தூளில் பட்டு அவர் கண்ணுக்கே திரும்புகிறது. முன்னால் ஒரு வெள்ளைத் திரை தொங்குவது போலிருக்கும். இன்னும் சக்தியுள்ள விளக்கைப் பொருத்தினால் திரை விலகாது. ஒளியை இரட்டித்தால் திரையின் வெண்மையும் இரட்டிக்கும். புதிய வண்டிகளில் எல்.இ.டி. விளக்கும் நல்ல பிரேக்கும் இருப்பதால் பழைய கட்டுப்பாடுகள் தேவையில்லை என்பவர்களுக்கு இயற்பியல் தரும் பதில் இதுதான். பிரேக்கின் எல்லை பனியின் வலுவில் இருக்கிறது, விளக்கின் எல்லை தூளின் சிதறலில் இருக்கிறது. எந்திரத்தை மேம்படுத்தி இந்த இரண்டையும் கடக்க முடியாது. முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் நடுவே தூள் அடங்கும் அளவு இடைவெளி விடுவதும், பின்விளக்கில் ஒட்டிய பனியை நிற்கும்போதெல்லாம் துடைத்துவிடுவதும்தான் வழி. பின்விளக்கு எரிவதால் அதன் சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அது முழுக்க முழுக்கப் பின்னால் வருபவருக்காக எரிகிறது.

பார்வை போனால் காது உதவுமா? மலைச்சாலை வளைவில் ஹாரன் அடிக்கிறோமே, இங்கே ஏன் முடியாது? புதிதாக விழுந்த வெண்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அதன் நுண்துளைகளுக்குள் புகும் ஒலியலை சுவர்களில் உரசி உரசியே களைத்து வெப்பமாகிவிடுகிறது. பஞ்சுமெத்தை நிறைந்த அறையில் குரல் மங்குவது போல, பனி விழுந்த காட்டில் ஒலிகள் மங்குகின்றன. வண்டிகளும் முன்போல் அலறுவதில்லை. 1970-களின் நடுவிலிருந்து வட அமெரிக்காவில் சான்றளிக்கப்படும் பனியூர்திகள் முழுவேகத்திலும் 15 மீட்டர் தொலைவில் 78 டெசிபலைத் தாண்டக்கூடாது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அதன்படி 120 மீட்டர் தொலைவில் அது இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஒலியளவுக்கு இறங்கிவிடும். பனி விழுங்குவது போக மிச்சம் இன்னும் குறைவு. இதைக் கேட்க வேண்டியவரோ கவசத்துக்குள், தன் இன்ஜினின் இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். காட்டின் அமைதிக்கும் அங்கு வாழ்பவர்களுக்கும் நல்லதான ஒன்று, எதிரே வருபவருக்கு எச்சரிக்கையைக் குறைத்துவிட்டது. தடத்தைப் பகிரும் பனிச்சறுக்கு வீரருக்கும் நடந்து போகிறவருக்கும் இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். பின்னால் வண்டி வருவதை அவர்கள் கடைசி நேரத்தில்தான் உணர்வார்கள். அவர்களைக் கண்டதும் வேகத்தை நன்றாகக் குறைத்து, அவர்கள் திரும்பிப் பார்த்ததை உறுதி செய்துகொண்டு மெல்லக் கடப்பது, கேட்காத காதுக்குப் பதிலாக அவர்களுக்கு நேரத்தைக் கொடுப்பதாகும்.

இப்போது அந்த விரல்களுக்குத் திரும்பலாம். கண்ணும் காதும் கைவிட்ட இடத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே செய்தித்தொடர்பு அவைதான். முதல் வண்டியைப் பார்த்தவருக்குத் தெரியாத ஒன்றை, வளைவுக்கு அப்பால் இன்னும் மூன்று வண்டிகள் இருக்கின்றன என்பதை, மூன்று விரல்கள் சொல்லிவிடுகின்றன. ஏன் எப்போதும் இடக்கை? பனியூர்தியின் ஆக்சிலேட்டரை வலக்கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்தால் வண்டி தொய்ந்துவிடும். எனவே ஓடும்போது விடுபடக்கூடியது இடக்கைதான். ஆனால் பிரேக் லீவர் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. சைகை காட்டும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் தன் பிரேக்கை விட்டுவிடுகிறார். அதனால் சைகையே ஆபத்து, இரண்டு கைகளும் பிடியில் இருக்கட்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் ஒரு விநாடி கையை எடுத்தால் 14 மீட்டர் பிரேக் இல்லாத பயணம். எண்ணிக்கையும் பொய்க்கலாம். குழுவில் ஒருவர் பின்தங்கியிருக்கலாம், முஷ்டி காட்டியவருக்குப் பின்னாலேயே அவருக்கே தெரியாத இன்னொரு குழு வரலாம். இவை சைகையின் எல்லைகளைக் காட்டுகின்றன. நேரான இடத்தில், வேகத்தைக் குறைத்தபின், வண்டி அசையாமல் ஓடும்போது மட்டும் காட்ட வேண்டும். வளைவிலோ மேடுபள்ளத்திலோ கை பிடியை விட்டு வரக்கூடாது. பார்ப்பவரும் முஷ்டியை 'அந்தக் குழு முடிந்தது' என்று மட்டுமே படிக்க வேண்டும், 'தடம் காலி' என்று படிக்கக்கூடாது. செய்தியைக் கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே அதன் பிழையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அது உயிரைக் காக்கும்.

வேகவரம்புச் சட்டம் இருக்கும்போது மரியாதை எதற்கு என்பது இன்னொரு கேள்வி. ஒன்டாரியோவின் தடங்களில் மணிக்கு 50 கிலோமீட்டர், கியூபெக்கில் 70, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சுமார் 80 என்று வரம்புகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. பனியின் இயற்பியலோ அந்த எல்லைகளைத் தாண்டும்போது மாறிவிடுவதில்லை. முன்பு பார்த்த அந்த 60 மீட்டர் வளைவுக்கு 35-தான் பொருந்தும் என்றால், இந்த வரம்புகளில் எதுவும் அங்கே போதாது. எதிரே யாரும் இல்லாத நீண்ட நேர்த்தடத்தில் அதே வரம்பு நியாயமாக இருக்கலாம். சட்டம் ஒரு மாகாணம் முழுவதற்கும் ஒரே எண்ணைத்தான் எழுத முடியும். இந்த வளைவில், இந்த வெளிச்சத்தில், இந்தப் பனியில் எத்தனை மீட்டர் தெரிகிறது என்பது பிடியில் கை வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். குழுவாகப் போகிறவர்களுக்குச் சொல்லித்தரும் ஒரு வழக்கம் இங்கே நினைக்கத்தக்கது. ஒவ்வொருவரும் தனக்கு அடுத்துப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. தடம் பிரியும் இடத்தில் அவர் கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால், பின்தங்கியவர் 'விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ' என்ற பதற்றத்தில் தன் திறமைக்கு மீறிய வேகத்தில் துரத்த வேண்டியதில்லை. குழுவின் வேகம் அதிலுள்ள மிக மெதுவானவரின் வேகமாகத் தானாகவே அமைந்துவிடும். எந்தச் சட்டப்புத்தகமும் இதைக் கட்டாயப்படுத்த முடியாது.

இந்தக் கொடையில் கொடுப்பவரும் பெறுபவரும் நேரில் சந்திக்கவே வேண்டியதில்லை என்பதற்குத் தடத்தின் பனியே சான்று. ஃப்ரீசரில் கிண்ணம் நிறையப் போட்டுவைத்த பனிக்கட்டிகள் சில நாட்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்போம். 1850-இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் நிகழ்த்திய உரையில் இந்த ஒட்டுதலைக் கவனப்படுத்தினார். உருகும் வெப்பநிலைக்கு மிக அருகில் இருக்கும் பொருள் பனி. அதனால் உறைகுளிரிலும் அதன் மூலக்கூறுகள் ஓய்ந்திருப்பதில்லை. துகள்களின் புடைத்த பரப்புகளிலிருந்து ஆவியாகி, இரண்டு துகள்கள் தொடும் இடுக்கில் போய்ப் படிகின்றன. அங்கே ஒரு குட்டிக் கழுத்து முளைத்து, நேரம் ஆக ஆகத் தடிக்கிறது. இதைத் துகள்பிணைப்பு என்று சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் டாவோஸிலுள்ள பனி ஆய்வுநிலையத்தில், மருத்துவமனை சி.டி. ஸ்கேன் போன்ற எக்ஸ்-கதிர்ப் படப்பிடிப்பைக் கொண்டு பனித்துகள்களின் இந்த இணைப்புகள் வளர்வதை முப்பரிமாணத்தில் பார்க்கிறார்கள். சங்கங்களின் தடம் திருத்தும் வண்டிகள் பெரும்பாலும் இரவில் ஓடுவதன் காரணம் இதுவே. அவை மேடுகளைச் சீவி, துகள்களை நொறுக்கி, நெருக்கி அழுத்திவிட்டுப் போகின்றன. கழுத்துகள் முளைத்து இறுகச் சில மணிநேரக் குளிரும் அமைதியும் வேண்டும். இறுகுவதற்குள் ஒருவர் சீறிக்கொண்டு போனால் கழுத்துகள் முறிந்து, தடம் மறுபடியும் தளர்ந்த தூளாகிவிடும். தளர்ந்த பரப்பின் மேல் வேகமாக ஓடுபவை மேடுபள்ளங்களைத் தாமே உண்டாக்கும் என்பதற்கும் சோதனைச் சான்று உண்டு. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் மாரிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் மணலின் மேல் ஒரு சக்கரத்தை ஓடவிட்டுச் செய்த ஆய்வை 2007-இல் வெளியிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் சமமாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் அலை அலையாக நெளிந்தது. பனித்தடத்தின் மேடுபள்ளங்களும் இதற்கு உறவுதான். நெளிந்த தடத்தில் பட்டை துள்ளும், துள்ளும் பட்டை பனியைப் பிடிக்காது, பிடிக்காத பட்டையால் நிற்கவும் முடியாது.

ஆகவே திருத்திய தடத்தை இரவு முழுதும் தொடாமல் விட்டுவைப்பதும், திருத்தும் வண்டியைக் கண்டதும் ஓரமாக நின்று வழிவிடுவதும், தேவையில்லாமல் பட்டையைச் சுழலவிட்டுக் குழி பறிக்காமல் இருப்பதும் நாளைக் காலையில் வரப்போகும் யாரோ ஒருவருடைய நிறுத்தத் தொலைவைக் குறைக்கும் செயல்கள். விரல் காட்டுவது எதிரே வருபவருக்கு, பின்விளக்கைத் துடைப்பது பின்னால் வருபவருக்கு, இது இன்னும் புறப்படாதவருக்கு. விடியற்காலையில் அவர் வளைவை நெருங்கும்போது தடம் இறுகியிருக்கும். எதிரே திடீரென்று ஒரு வண்டி தெரியும். அவர் பிரேக்கைப் பிடிப்பார், பற்கள் பனியைக் கவ்வும், வண்டி நிற்கும். அவரைக் காப்பாற்றிய கடைசிச் சில மீட்டர்கள், முந்தைய இரவு வேறொருவர் அந்த வழியே போகாமல் இருந்ததால் கிடைத்தவை.